பாக்டீரியாவுக்கு எங்கே பந்தி வைப்பது?

புரொப்பிலீன் கிளைக்கால் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதைச் சாப்பிட்டிருப்பார்கள். மருந்து, ஐஸ்கிரீம், முகத்தில் பூசும் கிரீம் எனப் பல பொருள்களில் அது சிறிதளவு கலந்திருக்கிறது. நிறம் கிடையாது, லேசான இனிப்பும் குழகுழப்பும் உண்டு. உணவில் சேர்க்க அரசுகள் அனுமதி கொடுத்த சரக்கு. இவ்வளவு சாதுவான அந்தத் திரவம்தான் குளிர்நாடுகளில் விமான நிலையங்களை ஒட்டி ஓடும் ஓடைகளுக்கு எமனாகிறது. ஓடையில் அது கலந்தால் மீன்கள் மூச்சுக்குத் திணறும், தண்ணீர் நாறும், அடியில் கிடக்கும் கற்களில் ஈரப்பஞ்சு போலச் சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு படரும்.

இத்தனைக்கும் காரணம் நஞ்சு அல்ல, விருந்து. பாக்டீரியாவுக்குக் கிளைக்கால் என்றால் கொள்ளைப் பிரியம். ஓடையில் அது வந்து சேர்ந்ததும் அங்கே ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள் தின்று பெருகுகின்றன. தின்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனையும் அவை இழுத்துக்கொள்ள, மீனுக்கு மிச்சம் இல்லாமல் போகிறது.

இந்தக் கிளைக்காலை விமானத்தின் மேல் ஏன் ஊற்ற வேண்டும்? விமானத்தை மேலே தூக்குவது இறக்கையின் வளைவு. அந்த வளைவில் மணல்தாள் அளவுக்குச் சொரசொரப்பாக உறைபனி படிந்தாலே தூக்குவிசை 30 விழுக்காடு வரை குறையலாம், காற்றின் இழுவை 40 விழுக்காடு வரை கூடலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரிக்கிறது. 1982 ஜனவரி 13 அன்று பனி கொட்டிக்கொண்டிருந்த வாஷிங்டனில் ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 புறப்பட்டது. பனிநீக்கம் செய்த பிறகு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்ற விமானம் அது. எஞ்சினில் பனி படியாமல் காக்கும் கருவியையும் விமானிகள் இயக்கவில்லை. எழும்பிய சில நொடிகளில் பொட்டோமேக் ஆற்றுப் பாலத்தில் மோதி, உறைந்த ஆற்றில் விழுந்தது. 78 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் பாலத்தில் வண்டியில் போய்க்கொண்டிருந்தவர்கள். 1989 மார்ச்சில் கனடாவின் டிரைடனில் 24 பேர், 1992 மார்ச்சில் நியூயார்க்கின் லகார்டியாவில் 27 பேர் என இறக்கைப் பனி தொடர்ந்து உயிர்களை வாங்கியது. லகார்டியா விமானத்துக்குப் பனிநீக்கம் செய்திருந்தார்கள். ஆனால் புறப்படுவதற்குள் 35 நிமிடம் ஓடிவிட்டது. இறக்கையில் மறுபடி பனி படிந்துவிட்டது.

அதன் பிறகு விதிகள் இறுகின. இறக்கையில் பனி ஒட்டியிருந்தால் புறப்படவே கூடாது. தெளித்த திரவம் எந்த வானிலையில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று அட்டவணை போட்டார்கள். திரவத்திலும் வகைகள் உண்டு. முதல் வகை, சூடாக்கி அடிப்பது. தண்ணீர் மாதிரி ஓடும், படிந்த பனியைக் கரைத்துத் தள்ளும், ஆரஞ்சு நிறச் சாயம் கலந்திருக்கும். நான்காம் வகை கெட்டியானது, பச்சை நிறம். சுத்தமான இறக்கையில் போர்வை போல ஒட்டிக்கொண்டு, புதிதாக விழும் பனியைத் தாங்கும். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது வழிந்து விழுந்துவிடும். டொரோண்டோவிலிருந்து ஜனவரியில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கிளம்பிய தமிழர்கள் பலர் இதை ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். அங்குள்ள பியர்சன் விமான நிலையத்தில் இதற்கென்றே ஒரு பெரிய தனித் திடல் இருக்கிறது. விமானம் வந்து நிற்க, நீண்ட கை கொண்ட வண்டிகள் இருபுறமும் சூழ்ந்து பீய்ச்சியடிக்கும்.

சிறிய விமானத்துக்குச் சில நூறு லிட்டர் போதும். மோசமான நாளில் பெரிய விமானம் ஆயிரக்கணக்கில் கேட்கும். முதல் வகைத் திரவத்தில் பெரும்பகுதி உடனே தரையில் கொட்டிவிடும். பிடித்து வைக்க ஏற்பாடு இல்லாத இடத்தில் அது நேரே மழைநீர் வடிகாலுக்குப் போகும். வடிகால் போய்ச் சேரும் இடம், பக்கத்து ஓடை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ புரொப்பிலீன் கிளைக்கால் முழுதாகச் சிதைய 1.68 கிலோ ஆக்சிஜன் தேவை. உறைநிலையில் இருக்கும் நல்ல ஆற்று நீர் ஒரு லிட்டரில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஆக, ஒரே ஒரு கிலோ கிளைக்கால் சுமார் 1,15,000 லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜனைத் துடைத்தெடுத்துவிடும். ஒரு விமானத்தின் மேல் கொட்டுவது ஒரு கிலோ இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பெருக்கிப் பார்க்கலாம்.

இதில் ஒரு முரண் உண்டு. முன்பு அதிகம் பயன்பட்டது எத்திலீன் கிளைக்கால். குடித்தால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும் உண்மையான விஷம் அது. 2022இல் காம்பியாவில் குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் மருந்து விவகாரத்தில் அடிபட்ட பெயர்களில் ஒன்றும் அதுவே. அதனால் பல விமான நிலையங்கள் பாதுகாப்பான புரொப்பிலீன் கிளைக்காலுக்கு மாறின. மனிதருக்கு நல்லது; ஓடைக்கு அல்ல. எத்திலீன் கிளைக்கால் கிலோவுக்கு 1.29 கிலோ ஆக்சிஜன் கேட்டது. சாதுவான மாற்றாள் அதைவிடப் பெருந்தீனிக்காரன்.

அமெரிக்காவின் மில்வாக்கி விமான நிலையத்தை ஒட்டிய வில்சன் பார்க் ஓடையில் அந்நாட்டுப் புவியியல் ஆய்வகத்தார் பல ஆண்டுகள் மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். இப்படிப்பட்ட ஓடைகளில் படரும் சாம்பல் நிற வழவழப்புக்குப் பொதுப் பெயர் ‘சாக்கடைப் பூஞ்சை’. ஆனால் அது பூஞ்சையே இல்லை. ஸ்ஃபீரோடிலஸ் முதலிய, நூல் நூலாக வளரும் பாக்டீரியாக்களின் கூட்டம். ஓடை நாசமானதற்குச் சாட்சியாக அது நிற்கிறது. இன்னொரு வகையில் பார்த்தால், கிளைக்காலைத் தின்று தீர்க்க ஆள் இருக்கிறது என்பதற்கும் அதுதான் சாட்சி. பொறியாளர்கள் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது செய்தியை. தின்னும் வேலை எப்படியும் நடக்கப்போகிறது. அது ஓடையில் நடக்காமல், நாம் சொல்லும் இடத்தில் நடக்கட்டும்.

எண்ணெய்க் கசிவுகளைத் தின்ன ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்துக் கொண்டுவந்து தூவும் கதைகளை வாசகர்கள் படித்திருக்கலாம். இங்கே அப்படி யாரையும் அழைத்து வர வேண்டியதில்லை. சாதாரண மண்ணிலும் சாக்கடைச் சேற்றிலும் இருக்கும் கூட்டமே போதும். தொழிற்சாலையில் பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருளைத் தின்ன மண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தது? விடை செடிகளில் இருக்கிறது. செடிகளின் செல்சுவரில் ராம்னோஸ், ஃபியூக்கோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. இலைதழை மட்கும்போதும், விலங்குகளின் குடலில் தீனி நொதிக்கும்போதும் இந்தச் சர்க்கரைகளிலிருந்து உண்டாகும் துணைப் பொருள்களில் ஒன்று புரொப்பிலீன் கிளைக்காலேதான். விமானம் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பாக்டீரியாக்கள் அதைச் சாப்பிட்டுப் பழகியவை. டைஃபாய்டு கிருமியின் இனமான சால்மோனெல்லா, இதைச் செரிக்கப் பி12 வைட்டமினைத் துணைக்கு வைத்துக்கொள்கிறது. நடுவழியில் உண்டாகும் நச்சுப் பொருள் தன் உடலுக்குள் பரவாதிருக்க, புரதத்தால் ஆன ஒரு குட்டிப் பெட்டிக்குள்ளேயே அந்தச் செரிமானத்தை முடித்துக்கொள்கிறது. இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு நேற்று முளைத்ததாக இருக்க முடியாது.

இந்த வேலைக்காரர்களை முதலில் முறையாகக் கட்டிவைத்து வேலை வாங்கிய விமான நிலையங்களில் ஆல்பனி முக்கியமானது. நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் அது. விமான நிலையத்தின் வடிகால் ஷேக்கர் ஓடைக்குப் போகிறது. ஓடை மோஹாக் ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றிலிருந்து சுற்றுவட்டார மக்கள் குடிநீர் எடுக்கிறார்கள். சாக்குப்போக்குச் சொல்ல இடமில்லை. 1990களின் இறுதியில் அங்கே அமைத்த நிலையத்தில் ஆக்சிஜனே இல்லாத மூடிய கலன்கள் நிற்கின்றன. உள்ளே நுண்ணிய கரி மணிகள். அடியிலிருந்து மேல்நோக்கித் தண்ணீரைப் பாய்ச்சும் வேகத்தில் அந்த மணிகள் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மணியின் மேலும் பாக்டீரியா ஒரு தோலாகப் படர்ந்திருக்கும். மணிகள் கோடிக்கணக்கில் இருப்பதால், சிறிய கலனுக்குள் ஒரு பெரிய மைதானத்தின் பரப்பு கிடைத்துவிடுகிறது.

கலனுக்குள் நடப்பது ஒரே ஆளின் வேலையல்ல. ஒரு கூட்டம் கிளைக்காலை உடைத்து புரொப்பியானிக் அமிலமும் புரொப்பனாலும் ஆக்கும். இன்னொரு கூட்டம் அவற்றை அசெட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைக்கும். கடைசிக் கூட்டம் அவற்றை மீத்தேன் வாயுவாக மாற்றும். (இந்தக் கடைசி ஆட்கள் கறாராகப் பார்த்தால் பாக்டீரியாவே இல்லை. ஆர்க்கியா என்ற தனி இனம். ஆனால் விமான நிலையத்தில் அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.) நம்மூர் சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் இதே வேதியியல்தான். கிடைக்கும் மீத்தேனை எரித்தே கலனைச் சுமார் 30 டிகிரிச் சூட்டில் வைத்திருக்கிறார்கள். மிஞ்சும் வாயு கட்டடங்களைச் சூடேற்ற உதவுகிறது. வெளியே பனி பெய்யும் நாளில், பனியைக் கரைத்த திரவமே அடுப்புக்கு விறகாகிவிடுகிறது. கலனை விட்டு வெளிவரும் தண்ணீரில் கழிவுச் சுமை 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கும். பிராவிடன்ஸ், ஒஹையோவின் ஏக்ரன்-கேன்டன், மேற்குக் கரையின் போர்ட்லாண்ட் ஆகிய விமான நிலையங்களும் பின்னாளில் இதே முறைக்கு வந்தன.

ஆக்சிஜன் இல்லாத முறைக்கு இன்னொரு லாபமும் உண்டு. காற்று ஊதி வளர்க்கும் பாக்டீரியாக்கள் தின்றதில் கணிசமான பங்கைத் தங்கள் உடலாக்கிக்கொள்ளும். கடைசியில் மலை மலையாய்ச் சேறு மிஞ்சும், அதை அப்புறப்படுத்தத் தனிச் செலவு. காற்றில்லாமல் வாழும் கூட்டம் மெல்ல வளரும், சேறு குறைவு. கோடை முழுதும் பட்டினி போட்டாலும் சாகாமல் கிடந்து, முதல் பனி விழுந்ததும் வேலைக்குத் திரும்பும். பனிநீக்கம் ஆண்டில் சில மாதங்களே நடக்கிற தொழில் என்பதால் இந்தக் குணம் பெரிய வரம்.

கலன், குழாய், கருவி என்று செலவழிக்க மனமில்லாதவர்களுக்கும், நிலம் தாராளமாக இருப்பவர்களுக்கும் வேறு வழி உண்டு. நியூயார்க் மாநிலத்தின் மறுகோடியில், நயாகரா அருவிக்குப் பக்கத்தில் பஃபலோ விமான நிலையம். அங்கே 2009இல் அமைத்தது ஒரு செயற்கைச் சதுப்பு. சதுப்பு என்றதும் தாமரையும் கொக்கும் மனக்கண்ணில் வந்தால் அழித்துவிடுங்கள். விமான நிலையத்தில் கொக்கு வந்தால் ஆபத்து. அதே 2009இன் ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் எஞ்சின்களில் புகுந்ததால்தான் ஒரு ஏர்பஸ் விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்க நேர்ந்தது. ஆகவே பஃபலோவில் தண்ணீர் கண்ணிலேயே படாது. சரளைக்கல் நிரப்பிய பள்ளங்களில் தரைமட்டத்துக்குக் கீழே ஊர்ந்து போகும். அடியில் பரப்பிய குழாய்கள் காற்றைக் குமிழ் குமிழாக விடும். கற்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அந்தக் காற்றை வைத்துக்கொண்டு கிளைக்காலைத் தின்னும். கனடாவின் எட்மண்டன் 2000ஆம் ஆண்டிலேயே சரளைச் சதுப்பு அமைத்தது. லண்டன் ஹீத்ரோ, கிரேன் ஆற்றுக்குப் போகும் தன் வடிகால் நீரை மேஃபீல்டு பண்ணை என்ற இடத்தில் நாணல் படுகைகளுக்குள் விட்டது; பின்னர் அங்கும் காற்றூட்டும் குழாய்கள் வந்தன. படம் எடுப்பவர்கள் நாணலைத்தான் எடுக்கிறார்கள். கிளைக்காலைப் பொறுத்தவரை நாணல் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிறது. வேலை செய்வது வேர்ப்பகுதியிலும் கல்லிலும் இருக்கும் பாக்டீரியாதான்.

எல்லாவற்றிலும் துணிச்சலான சோதனை நடப்பது நார்வேயில் என்று சொல்லலாம். ஆஸ்லோவின் கார்டர்மோன் விமான நிலையம் 1998 அக்டோபர் 8 அன்று திறக்கப்பட்டது. பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் அதன் அடித்தளம். அந்த மணலுக்குள் இருப்பது நாட்டின் மிகப் பெரிய நிலத்தடி நீர்த் தேக்கங்களில் ஒன்று. அதன் தலைமேல் ஓடுபாதை. நிலத்தடி நீர் கெடக்கூடாது என்பது நிபந்தனை. தனித் திடல்களில் சிந்தும் திரவத்தைப் பிடித்துவிடலாம். விமானம் ஓடும்போது உதிர்வதை எப்படிப் பிடிப்பது? அது ஓடுபாதை ஓரத்துப் பனிக்குவியலில் மாதக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். வசந்தத்தில் பனி உருகும்போது, குளிர்காலம் முழுவதும் சேர்ந்த கிளைக்கால் சில வாரங்களில் மொத்தமாக மண்ணுக்குள் இறங்கும். தரைக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் உள்ள சில மீட்டர் மணலில், தண்ணீர் கடந்து போகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், குளிரில் மந்தமாகிப்போன பாக்டீரியா அதைத் தின்று முடித்தாக வேண்டும்.

விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக அங்கே குழி தோண்டி மண்ணின் நீரை உறிஞ்சி அளந்து வருகிறார்கள். பாக்டீரியா தின்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் சுமை மிஞ்சும் இடங்களில் மண்ணின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது பாக்டீரியா சாவதில்லை; ஆக்சிஜனுக்குப் பதிலாக மண்ணில் இருக்கும் மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளை வைத்து மூச்சுவிடத் தொடங்குகிறது. விளைவு, இறுகிக் கிடந்த மாங்கனீசும் இரும்பும் கரைந்து நீரோடு கீழே இறங்குகின்றன. கிளைக்காலைத் துரத்தினால் மாங்கனீசு வந்து நிற்கிறது. மண் என்பது எவ்வளவு கொட்டினாலும் வாங்கிக்கொள்ளும் பள்ளமல்ல, அதற்கும் செரிக்கும் அளவு உண்டு என்பதை ஆஸ்லோ எண்களால் காட்டியது. ஓடுபாதையில் படியும் பனியைக் கரைக்க அங்கே பொட்டாசியம் ஃபார்மேட் உப்பைப் பயன்படுத்துவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அது கிலோவுக்கு ஏறக்குறைய 190 கிராம் ஆக்சிஜன்தான் கேட்கும். பழைய காலத்தில் பல நாடுகளில் ஓடுபாதையில் தூவியது யூரியா. வயலுக்குப் போட வேண்டிய அதே யூரியா. ஓடையில் அமோனியாவாகி மீனைக் கொன்றது.

சூரிச் விமான நிலையம், கழிவுநீரைத் தூவான்கள் மூலம் புல்வெளியில் மெல்லத் தெளித்து மேல்மண்ணின் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்ற கட்டுப்பாடு மனிதர் கையில் இருப்பதால் மண்ணுக்கு மூச்சு முட்டுவதில்லை. நார்வேக்காரர்கள் இன்னொரு நல்ல யோசனையும் கண்டார்கள். நகரக் கழிவுநீரிலிருந்து நைட்ரஜனை அகற்றும் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகக் கரிமப் பொருள் தேவை. பல ஊர்களில் அதற்காக மெத்தனாலைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிறார்கள். அந்த இடத்தில் விமான நிலையத்தில் சேரும் கிளைக்கால் நீரைப் பயன்படுத்தலாம் என்று 1990களிலேயே ஆய்வு செய்து காட்டினார்கள்.

இத்தனை இருந்தும், பாக்டீரியாவைக் கட்டி மேய்ப்பது எளிதல்ல. கிளைக்காலில் கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டுமே உண்டு. நைட்ரஜனும் பாஸ்பரசும் துளியும் இல்லை. வெறும் சர்க்கரைத் தண்ணீரில் யாரும் உடம்பை வளர்க்க முடியாது. ஊட்டம் சேர்க்காவிட்டால் பாக்டீரியா பசை போன்ற கோழையைச் சுரந்து சரளையை அடைத்துவிடும். ஆகவே விமான நிலையத்தார் உரக்கடைக்காரர் போல ஊட்ட உப்புகளை அளந்து போட வேண்டியிருக்கிறது. அடுத்து, தீனியின் சீரின்மை. ஒரு நாள் பனிப்புயல், பத்து நாள் வெயில். கழிவு நீரைப் பெரிய தொட்டிகளில் தேக்கி, ஒரே சீராக விட்டால்தான் கலன் ஒழுங்காக ஓடும். பல இடங்களில் தொட்டிகள்தான் அதிக இடத்தைப் பிடிக்கின்றன.

பாக்டீரியா முகம் சுளிக்கும் பொருளும் அந்தத் திரவத்தில் உண்டு. உலோகம் அரிக்காமல் இருக்கச் சேர்க்கும் பென்சோடிரையசோல் குடும்பத்து வேதிப்பொருள்கள் அவை. அளவில் மிகக் குறைவு. ஆனால் நீர்வாழ் உயிர்களுக்குக் கிளைக்காலைவிடக் கொடியவை, எளிதில் சிதையாதவை. மில்வாக்கி ஆய்வாளர்கள் ஓடை நீரின் நச்சுத்தன்மையைக் கிளைக்கால் ஒன்றை மட்டும் வைத்து விளக்க முடியவில்லை என்று கண்டதற்கு இத்தகைய சேர்மானங்களும் ஒரு காரணம். இதற்கு பாக்டீரியாவை நம்பிப் பயனில்லை; திரவத்தைத் தயாரிக்கும் இடத்திலேயே மாற்ற வேண்டும்.

கிளைக்கால் அடர்த்தியாகக் கிடைக்கும்போது அதைத் தின்னக் கொடுப்பது வீண் என்பதும் உண்மை. மியூனிக், டென்வர் விமான நிலையங்கள் கெட்டியான கழிவைப் பிடித்துக் காய்ச்சி வடித்து, கிளைக்காலை மீட்டெடுக்கின்றன. நீர்த்துப் போனதைக் காய்ச்ச எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது. அந்த நீர்த்த பங்குதான் பாக்டீரியாவுக்குரியது. மீட்கக் கூடியதை மீட்டு, மீதியைப் பாக்டீரியாவிடம் விடுவதுதான் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆக, தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டு அனுபவமும் இருக்கிறது. முடிச்சு இருப்பது சட்டத்தில். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2012இல் ஒரு விதி கொண்டுவந்தது. குளிர்ப் பகுதியில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விமானங்கள் புறப்படும் புதிய நிலையங்கள், சிந்தும் பனிநீக்கத் திரவத்தில் 60 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும்; சுத்திகரித்து விடும் நீரின் தரத்துக்கும் வரம்பு விதித்தது. அந்த வரம்புக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டதே ஆல்பனியின் கரிமணிக் கலனைத்தான். யூரியாவுக்கான கட்டுப்பாடு பழைய நிலையங்களுக்கும் பொருந்தியது. ஆனால் திரவத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பழைய நிலையங்களுக்கு இல்லை. உள்ளூர் அனுமதி அதிகாரிகளின் முடிவுக்கு விடப்பட்டது. அமெரிக்காவில் டென்வர் அளவுக்குப் புத்தம் புதிதாக ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டது 1995இல். அதன் பிறகு அந்த அளவில் ஒன்றும் வரவில்லை. விதி நல்ல விதிதான், ஆனால் அது கட்டுப்படுத்த வேண்டிய நிலையங்கள் எல்லாம் அது பிறப்பதற்கு முன்பே கட்டி முடிக்கப்பட்டவை.